இங்கிலாந்தின் நாசரேத்து

2025ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் கிழக்கு இலண்டனிலிருந்து எங்கள் பேருந்து புறப்பட்டுவிட்டது. உறவினரைக் காண வந்திருந்த எங்களையும் அப்பங்குத் தமிழ் மக்கள் தங்களோடு அழைத்துச் சென்றனர். மகிமை தேவ இரகசியங்களைச் சொல்லி முடித்தபோது நகரத்துச் செங்கல் வீடுகள் மறைந்து, சாலையின் இருபுறமும் வாற்கோதுமை வயல்கள் விரிந்து கிடந்தன. மூன்று மணி நேரப் பயணத்திற்குப் பின், நார்ஃபோக் பகுதியில், சிக்கிமுக்கிக் கற்களால் சுவர் எழுப்பிய வீடுகளைக் கொண்ட ஒரு சிற்றூரை அடைந்தோம். அதுவே வால்சிங்காம். அன்னை மரியாளின் பெயரால் இங்கிலாந்து நாடு முழுவதும் அறிந்த திருத்தலம்.

இத்தலத்தின் கதை ஒரு கைம்பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. 1061ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் சீமாட்டி, தேவதாய் தனக்குக் காட்டிய நாசரேத்து வீட்டைப் போலவே இங்கு ஒரு சிறு வீட்டைக் கட்டினாள் என்பது மரபு. கணவனை இழந்த அவளுக்கு ஜெஃப்ரி என்று ஒரு மகன் இருந்தான் என்றும் அம்மரபு கூறும். பேராலயமும் கோட்டையும் கட்ட வல்லவளிடம் அன்னை கேட்டது ஒரு வீட்டைத்தான். இந்தச் செய்தி அன்று காலை எங்களுக்குச் சிறியதாகத் தோன்றிற்று. மாலையில் திரும்பும்போது அப்படித் தோன்றவில்லை.

காலணி கழற்றிய இடம்

ஊருக்கு ஒரு மைல் முன்னதாக 14ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று உள்ளது. புனித கத்தரீனம்மாளுக்கு அர்ப்பணிக்கப்பட்ட அதனைக் காலணிக் கோயில் என்கிறார்கள். முற்காலத் திருப்பயணிகள் இங்கே காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சிய ஒரு மைலை வெறுங்காலோடு நடந்தனர் என்பர். எட்டாம் ஹென்றி மன்னனும் இளமையில் இவ்வாறு நடந்தவனே. அதே மன்னனின் ஆட்சியில்தான் 1538ஆம் ஆண்டு திருத்தலம் இடிக்கப்பட்டது. மாதாவின் சுரூபம் இலண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு எரிக்கப்பட்டது. காலணிக் கோயிலோ வெகுகாலம் களஞ்சியமாகவும் தொழுவமாகவும் கிடந்தது. சார்லட் பாய்ட் என்னும் பெண்மணி 1896இல் அதனை விலைக்கு வாங்கித் திருச்சபைக்கு மீட்டுத் தந்தார். 1934இல் அது கத்தோலிக்கரின் தேசியத் திருத்தலமாயிற்று. 2015இல் திருத்தந்தை பிரான்சிசு அதனைச் சிறு பசிலிக்கா நிலைக்கு உயர்த்தினார்.

ஆண்டுதோறும் கோடையில் இங்கிலாந்துவாழ் தமிழர் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுகின்றனர். பெரும்பாலோர் ஈழத்தினின்று புலம்பெயர்ந்தவர். மடுமாதாவின் திருவிழாவில் இந்துக்களும் கூடுவது போலவே இங்கும் நெற்றியில் திருநீறு அணிந்தோரைக் கண்டோம். புல்வெளியில் பாய்களும் சமுக்காளங்களும் விரிந்திருந்தன. புட்டும் இடியப்பமும் கைமாறிக்கொண்டிருந்தன. தமிழ்த் திருப்பலி முடிந்ததும் தேவதாயின் சுரூபத்தைத் தோள்களில் சுமந்து பவனி புறப்பட்டது.

அந்தப் பவனியில்தான் அத்தாயைக் கண்டோம். சக்கர நாற்காலியில் பதின்மூன்று வயது மகனை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். காலில் செருப்பில்லை. பையனுக்குப் பெருமூளை வாதம், பேச்சு வராது. பாட்டு எழும்போதெல்லாம் அவன் வலக்கை உயர்ந்தது. மேட்டுப் பகுதியில் நாற்காலி தயங்கியபோது எங்களில் ஒருவர் கைகொடுத்தார். நட்பு அவ்விதம் தொடங்கிற்று.

எண்ணி எண்ணி உழைப்பது

பவனி முடிந்து மரநிழலில் அமர்ந்தபோது அவர் தம் வாழ்வை விவரித்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்தவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் கணவர் மாரடைப்பால் காலமானார். இப்போது ஓர் அங்காடியில் காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை வேலை. வாரத்தில் பதினைந்து மணி நேரம்.

"கடை முகாமையாளர் நல்ல மனிசன், அக்கா. தினமும் ஒரு மணித்தியாலம் கூடச் செய்யுங்கோ எண்டு கேட்டவர். நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். சோம்பல் எண்டுதான் அவர் நினைச்சிருப்பார்" என்று சொல்லிச் சிரித்தார். அச்சிரிப்பில் மகிழ்ச்சி இல்லை.

காரணம் கேட்டோம். அவர் சொன்ன கணக்கை நம் வாசகர்களும் பொறுமையோடு கேட்க வேண்டும்.

இங்கிலாந்தில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைக்கு அரசு ஓர் உதவித்தொகை வழங்குகிறது. குழந்தைக்குப் பதினாறு வயது ஆகுமுன் இதனைக் கோரவேண்டும். பராமரிப்புக்கான பகுதியில் மூன்று படிகள் உண்டு. 2025 ஏப்ரலில் அவை வாரத்துக்கு 29 பவுண்டு 20 பென்சு, 73 பவுண்டு 90 பென்சு, 110 பவுண்டு 40 பென்சு. பெற்றோர் எவ்வளவு சம்பாதித்தாலும் இது குறைவதில்லை. இது பிள்ளையின் உரிமை.

பராமரிப்பவருக்கு வேறொரு தொகை உண்டு. பிள்ளைக்கு நடுப்படியோ மேற்படியோ கிடைத்து, வாரத்தில் 35 மணி நேரமேனும் ஒருவர் அவனைப் பராமரித்தால், அவருக்கு வாரம் 83 பவுண்டு 30 பென்சு. இதுவும் 2025 ஏப்ரல் கணக்கே. மணிக்கு வகுத்துப் பார்த்தால் 2 பவுண்டு 38 பென்சு. அந்நாட்டில் அவ்வாண்டு வயது வந்தோருக்குச் சட்டம் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியோ மணிக்கு 12 பவுண்டு 21 பென்சு! இரண்டு பிள்ளைகளைப் பராமரித்தாலும் தொகை ஒன்றே.

இத்தொகைக்கு ஒரு வேலி இட்டிருக்கிறார்கள். 2025 ஏப்ரல் கணக்குப்படி, வரியும் பிற கழிவுகளும் போக வாரச் சம்பாத்தியம் 196 பவுண்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் தொகை சிறிது சிறிதாகக் குறையாது; அந்த வாரத்துக்குரியது முழுவதும் நின்றுபோகும்.

அத்தாய் பதினைந்து மணி நேரத்துக்குப் பெறுவது 183 பவுண்டு 15 பென்சு. பராமரிப்புத் தொகையோடு சேர்த்து 266 பவுண்டு 45 பென்சு. முகாமையாளர் கேட்டவாறு இருபது மணி நேரம் உழைத்தால் கூலி 244 பவுண்டு 20 பென்சு. ஆனால் பராமரிப்புத் தொகை போய்விடும். ஐந்து மணி நேரம் கூடுதலாக உழைத்து, வரிக்கு முந்தைய கணக்கில் 22 பவுண்டுக்கு மேல் குறைவாகப் பெறுவார்! உழைப்புக்குத் தண்டனை விதிக்கும் கணக்கு இது.

"அப்படியானால் வறியோருக்கான பொது உதவி கிடைக்காதா?" என்றோம். கணவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையை மகனின் பிற்காலத்திற்கென வைப்பில் இட்டிருக்கிறார். சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் அவ்வுதவிக்கு உரிமை இல்லை.

"நான் கண்ணை மூடினாப் பிறகு இவனை ஆர் பார்க்கிறது? அந்தக் காசிலை நான் கை வைக்கமாட்டன்" என்றார். மகனின் வாயோரத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டே அதைச் சொன்னார்.

ஓர் ஊழியரின் போராட்டம்

இந்தத் தொகையே போராடிப் பெற்றது என்பதைப் பின்னர் அறிந்தோம். மேரி வெப்ஸ்டர் என்னும் புரோட்டஸ்டண்ட் சபை ஊழியர், முதிய பெற்றோரைப் பேணத் தம் பணியைத் துறந்தவர். 1963இல் அவர் செய்தித்தாள்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். தம்மைப் போன்ற பெண்கள் எத்தனையோ பேர் நாட்டில் மறைந்து வாழ்கிறார்கள் என்பது அதனால் வெளிப்பட்டது. 1965இல் அவர்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1976இல் அரசு பராமரிப்போர் தொகையை ஏற்படுத்திற்று. அப்போதும் கணவனோடு வாழும் மனைவியருக்கு அது மறுக்கப்பட்டது. பேணுவது அவர்களின் இயல்பான கடமையாம்! ஜாக்குலின் டிரேக் என்னும் பெண்மணி தொடுத்த வழக்கில் 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அத்தடையைத் தகர்த்தது.

வருமான வேலியை அறியாமல் தாண்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆண்டுகள் கழித்து, பெற்ற தொகையை மொத்தமாகத் திருப்பித் தரும்படி அவர்களுக்குக் கடிதங்கள் சென்றன. 2024இல் இது பெரும் செய்தியாயிற்று. லிஸ் செய்ஸ் என்பவர் தலைமையில் அரசு விசாரணை நடத்தியது. 2025 நவம்பரில் அறிக்கை வெளிவந்தது. பழைய கணக்குகளை மறுபடி ஆராய அரசும் இசைந்தது. 151 பவுண்டாக இருந்த வரம்பு 196 ஆக உயர்ந்ததும் 2025 ஏப்ரலில்தான். ஆண்டுதோறும் இவ்வெண்கள் மாறும். அங்குள்ள உறவினருக்கு எழுதுவோர் இதனை நினைவிற்கொள்க.

அறியாமை என்னும் சுமை

நாங்கள் பேசிக்கொண்டிருந்த நிழலுக்கு மற்றொரு தாய் வந்து சேர்ந்தார். கணவனால் கைவிடப்பட்டவர், ஆட்டிசம் உள்ள மகள். அவரும் அதே அச்சத்தால் கூடுதல் வேலையை மறுத்து வந்தார். ஆனால் அவர் வீட்டில் சேமிப்பு ஏதுமில்லை; பொது உதவி பெறுகிறார். அப்பங்கில் வின்சென்ட் தே பவுல் சபைப் பணியாற்றும் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கர், அவரிடம் தாளும் பேனாவும் எடுத்து விளக்கினார்.

"பிள்ளை, உங்கடை கணக்கு வேறை. உங்களுக்குப் பராமரிப்புத் தொகையை ஒரு கையாலை தந்து, பொது உதவியிலை அவ்வளவையும் மற்றக் கையாலை கழிக்கிறாங்கள். அது நிண்டாலும் இந்தக் கழிவும் நிண்டுபோகும். பராமரிப்போருக்கெண்டு பொது உதவியிலை சேர்க்கிற பங்கு சம்பளத்தாலை நிண்டுபோகாது. கூட உழைச்சால், விலக்களிச்ச தொகைக்கு மேலை ஒரு பவுண்ஸுக்கு 55 பென்ஸ் உதவி குறையும். 45 பென்ஸ் உங்களுக்கு மிஞ்சும். ரெண்டு அலுவலகத்துக்கும் உடனை அறிவிச்சுப்போடுங்கோ."

அத்தாய் திகைத்து நின்றார். இரண்டு ஆண்டுகளாக அவர் மறுத்த வேலை மணிகளை யார் திருப்பித் தருவார்? ஒரே மரநிழலில் இரு தாய்மார், ஒரே சட்டம், ஒருவருக்குத் தடைச்சுவர், மற்றவருக்குத் திறந்த வாயில். வாயில் திறந்திருப்பதைச் சொல்ல ஆளில்லாமல் அவரும் சுவர் முன்னே நின்றிருந்தார்.

பெரியவர் மேலும் சில செய்திகளைக் கூறினார். வாரம் 35 மணி நேரம் இத்தகைய பிள்ளையைப் பேணுவோரை, பொது உதவிக்காக வேலை தேடியே தீரவேண்டும் என்று அரசு வற்புறுத்துவதில்லை. வேலைக்குச் செல்லும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நெருங்கிய உறவினரல்லாத ஒருவருக்குப் பணம் கொடுத்தால், வருமானத்தில் பாதி வரை அதனைக் கழித்தே வருமான வரம்புக் கணக்கைப் பார்ப்பர். 2024 ஏப்ரல் முதல் பராமரிப்போர் ஆண்டுக்கு ஒரு வாரம் ஊதியமில்லா விடுப்புக் கேட்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால், பொது நிதி பெற உரிமையில்லை என்ற நிபந்தனையோடு விசா பெற்றவர்களுக்கு இவ்விரு தொகைகளும் பொதுவாகக் கிட்டா. நம்மூரிலிருந்து பிள்ளையோடு கடல் கடக்க எண்ணும் குடும்பத்தார் இதனை முன்பே அறிந்திருப்பது நலம்.

வீட்டின் மாதா

மாலையில் காலணிக் கோயிலுக்குள் சென்றோம். சிறிய இடம், இருபது முப்பது பேர் நின்றாலே நிறைந்துவிடும். மெழுகுவர்த்திகளின் ஒளியில் அன்னை அரியணையில் அமர்ந்திருந்தார், மடியில் பாலன். அந்தப் பையனின் நாற்காலியைச் சுரூபத்தருகே நிறுத்தினர். தாய் நெடுநேரம் முழந்தாளில் இருந்தார். வெளியே வந்தபின், "சுகமாக வேணும் எண்டு கேட்டீங்களோ?" என்றார் எங்களோடு வந்த ஒரு மூதாட்டி.

"முந்திக் கேட்டனான், அம்மா. இப்ப கேக்கிறதில்லை. இரவிலை ரெண்டு தரம் எழும்பி இவனைத் திருப்பிப் படுக்க வைக்கவேணும். அந்தப் பெலனைத் தாங்கோ எண்டுதான் கேக்கிறனான்."

அன்னை ரிச்செல்டிசிடம் ஏன் ஒரு வீட்டைக் கேட்டார் என்பது அப்போது எங்களுக்கு விளங்கிற்று. நாசரேத்து வீட்டில் நடந்தவை சமையலும் துவைத்தலும் பிள்ளை வளர்த்தலுமே. எவரும் கூலி கொடாத, எவரும் எண்ணாத வேலை. இறைமகன் முப்பது ஆண்டுகள் அவ்வேலையின் நிழலில்தான் வாழ்ந்தார். அதன் மதிப்பை மணிக்கு இரண்டு பவுண்டு என்று ஓர் அரசு கணக்கிடலாம்; திருச்சபை அவ்வாறு கணக்கிடலாகாது.

அன்பு வாசகர்களே, இத்தகைய தாய்மாரைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் பங்கிலும் ஞாயிறு திருப்பலிக்கு வராத ஒரு தாய் இருப்பார். பிள்ளை சத்தமிட்டால் பிறர் திரும்பிப் பார்ப்பார்களே என்று அஞ்சி வீட்டிலேயே இருந்துவிடுபவர். அரசு தரும் உதவிக்கு எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று அறியாதவர். அவர் வீட்டு வாயிலில் நாம் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லலாம். படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். அவர் பூசைக்குச் சென்று வரும் வரை அப்பிள்ளையின் அருகே அமர்ந்திருக்கலாம். ஒரு மணி நேரம் போதும்.

பேருந்து புறப்பட்டபோது அத்தாய் கையசைத்தார். தாயின் கையைக் கண்ட மகனின் வலக்கையும் மெல்ல உயர்ந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு அவருக்கு வேலை. சரியாகப் பன்னிரண்டரை வரை.