பாறை இடுக்கில் ஒரு முத்திரை!

இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில் கிரேன்மியர் குளம் இருக்கிறது. பெயர்தான் குளம், போய்ப் பார்த்தால் வெறும் சதுப்பு! 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே ஒரு பாட்டிலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் அதில் தங்கள் பெயர் அட்டையைப் போட்டார்கள். 'லெட்டர்பாக்ஸிங்' பிறந்த கதை இதுதான்.

இன்று பாறை இடுக்குகளில் டப்பாக்கள் ஒளிந்திருக்கின்றன. உள்ளே ரப்பர் ஸ்டாம்ப், ஒரு நோட்டு. கண்டுபிடித்தவர் அந்த முத்திரையைத் தன் நோட்டிலும், தன் முத்திரையை டப்பா நோட்டிலும் பதிப்பார்.

ஒரே நடையில் பல டப்பாக்கள் கிடைக்கும்படி வரிசையாக வைப்பவர்களுக்குத்தான் வேலை அதிகம். பழங்காலக் கற்சின்னங்களிலும் சுவர்களிலும் வைக்கக் கூடாது. திசைகாட்டிக் குறிப்பில் ஓர் எண் பிசகினாலும், தேடி வருபவர் பனிமூட்டத்தில் சதுப்புக்குள் நிற்பார்!

மழையில் நோட்டு நனைந்தால் மை பரவிவிடுமே? அதனால் சிலர் தனித்தனி அட்டைகளில் பதித்து, வீட்டுக்கு வந்து காயவைத்து, நடை வாரியாக ஆல்பத்தில் அடுக்குகிறார்கள்.