முன்கால் ஊன்றும் நேரம்

டோக்கியோவை ஒட்டி ஓடும் தமா ஆற்றின் கரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும்தான். அங்கே ஒரு பெண்கள் சாஃப்ட்பால் அணியின் பயிற்சியைப் பார்க்கப் போயிருந்தேன். மட்டை சுழன்றதும் எல்லோர் கண்ணும் பந்தின் பின்னால் ஓடும். எழுபதைக் கடந்த அவர்களின் பயிற்சியாளரோ தரையைத்தான் பார்த்தார்.

ஒவ்வொருத்தி அடித்து முடித்ததும் மண்ணில் பதிந்த முன்கால் தடத்தின் அருகே குந்துவார். பெருவிரலடிப் பக்கம் நன்றாக அழுந்தியிருந்தால் தலையசைப்பார். குதிகால் குழி பறித்திருந்தால் தடத்தை அழித்துவிட்டு மறுபடி நிற்கச் சொல்வார். ஒரு தடம் மட்டும் பந்து வரும் பாதையை விட்டு ஒதுங்கிக் கிடந்தது. “பந்துக்குப் பயந்திருக்கிறாள்” என்றார். உடன் வந்த நண்பர்தான் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

பேஸ்பாலில் பிட்சர் பந்தை எறியும் இடம் ஹோம் பிளேட்டிலிருந்து 60 அடி 6 அங்குலத் தொலைவில் இருக்கிறது. பெண்கள் சாஃப்ட்பாலில் 43 அடிதான். அதனால் சாஃப்ட்பாலில் மணிக்கு 65 மைல் வேகத்தில் வரும் பந்தும், பேஸ்பாலின் 95 மைல் பந்தைப் போலவே சுமார் 0.4 நொடியில் வந்து சேர்ந்துவிடும். அதற்குள் முன்கால் ஊன்றியாக வேண்டும். கால் அந்தரத்தில் இருந்தால் இடுப்பு திரும்பப் பிடிமானம் கிடைக்காது. காலோடு உடல் எடையும் முன்னே சரிந்துவிட்டாலோ, மெதுவாக வரும் பந்துக்கு ஏமாற வேண்டியதுதான். கால் முன்னே போகும்போது கைகள் பின்னே தங்க வேண்டும். இந்த இழுவையில்தான் அடிக்கு வலு பிறக்கிறது.

ஒரு பெண்ணுக்கு எடை முன்னே சாய்ந்துகொண்டே இருந்தது. அடியெடுத்து வைத்து அப்படியே நிற்கச் சொன்னார் பெரியவர். அவளுடைய முன்காலின் குதிகாலுக்கடியில் ஓர் அட்டைத் துண்டைச் செருகிப் பார்த்தார். நுழையவில்லை. மறுபடி, மறுபடி. அட்டை வழுக்கிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் பந்தையே கண்ணில் காட்டினார்.

பேச்சு ஜப்பானிய பேஸ்பால் வீரர் சதாஹாரு ஓவிடம் வந்து நின்றது. 1959இல் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியில் சேர்ந்த அவர், முதல் மூன்று ஆண்டுகள் பெரிதாகச் சோபிக்கவில்லை. 1962இல் பயிற்சியாளர் ஹிரோஷி அராகாவா அவரை முன்காலைத் தூக்கி ஒற்றைக்காலில் நிற்க வைத்தார். அந்த ஆண்டே 38 ஹோம் ரன்; 1980இல் ஓய்வு பெறும்போது மொத்தம் 868. கைகளைத் தேவையில்லாமல் அசைத்து, பந்துக்குப் பிந்திப்போகும் பழக்கத்தை மாற்றத்தான் அந்தத் தூக்கல். இன்னொரு ஜப்பானிய வீரர் ஷோஹெய் ஒதானி இதற்கு நேரெதிர். 2018இல் அமெரிக்க சீசன் தொடங்கும் தறுவாயில் காலைத் தூக்குவதையே விட்டுவிட்டு, குதிகாலை மட்டும் எழுப்பி அடித்தார். அந்த ஆண்டு 22 ஹோம் ரன். எவ்வளவு உயரம் தூக்குவது என்பது அவரவர் உடல்வாகைப் பொறுத்தது என்றே நினைக்கிறேன். ஊன்றும் நேரத்தில்தான் யாருக்கும் சலுகை கிடையாது.

கடைசியாக இடது கையாட்டக்காரி ஒருத்தி வந்தாள். பின்காலை முன்காலுக்குக் குறுக்கே வீசி, ஓடிக்கொண்டே பந்தைத் தட்டிவிடும் ஆட்டம் அவளுடையது. மட்டையில் பந்து படும்போது ஒரு பாதம் முழுதாக, மட்டையாளர் நிற்கும் கட்டத்தின் கோட்டுக்கு வெளியே ஊன்றியிருந்தால் அவுட். அவள் கால் விரற்கடை அளவு வெளியே போய்க்கொண்டிருந்தது. பெரியவர் கோட்டைச் சுண்ணாம்பால் புதிதாகப் போட்டு, முதல் அடியைக் குறுக்கச் சொன்னார். மீதிப் பயிற்சி முழுக்க அந்த ஓர் அடிக்கே போனது.