பஞ்சுக் கவசம்



நம் வாலிபர் ஐக்கியத்தார் அசிசி பிரான்சிசின் வாழ்வை நாடகமாக்கினபோது, உடைகளை ஆராயும் பொறுப்பை நான் ஏற்றேன். துணி வணிகரின் மகனான அவர், 1202-இல் பெரூஜியாவுக்கு எதிரான போரில் சிறைப்பட்டவர். வீரனுக்குத் தகரக் கவசமே தகும் என்று எண்ணியிருந்தேன். சபையின் மூத்த தாயார் ஒருவர், பழஞ்சேலைகளுக்கிடையே நம் கரிசல் பருத்திப் பஞ்சை அடைத்து, நெருக்கமாகத் தைத்த அங்கி ஒன்றைக் கொண்டுவந்தார். "இது மெத்தையம்மா, கவசமல்ல" என்றேன். வாலிபர் நகைத்தனர். அவர் மௌனமாய்ச் சென்றார்.

அவ்வாரமே நூல்களைப் புரட்டினேன். இரும்பு வளையச் சட்டையின்கீழ் அக்கால வீரர்கள் அணிந்தது, பஞ்சு, கந்தைத் துணி முதலியன திணித்துத் தைத்த அங்கியே. எளிய காலாட்கள் பலருக்கு அதுவே முழுக் கவசம். வளையம் வாளின் கூர்மையைத் தடுக்கும். அடியின் அதிர்ச்சியைத் தாங்குவது பஞ்சு. ‘ஆக்டன்’ என்ற அதன் பெயரே, பருத்தியைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது.

அவர் வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். "தலைச்சுமைக்குச் சும்மாடு வைக்கிறோமே ஐயா, இரும்பு சுமக்கிற உடம்புக்கு வேண்டாமா?" என்றார். நான் நூல்களில் தேடியதை அவர் தம் தலைச்சுமையில் கற்றிருந்தார்.

மறுநாள், நகைத்த அதே வாலிபர்முன் என் தவற்றை அறிக்கையிட்டேன். 1206-இல் பிரான்சிஸ் ஆயர் முன்னிலையில் தம் உடைகளைக் களைந்து தந்தையிடம் ஒப்படைத்த காட்சியே அன்றைய ஒத்திகை. களைய வேண்டிய உடை எனக்கும் இருந்தது: கற்றவன் என்னும் பெருமை.

பிரியமானவர்களே, நம் சொல்லால் மௌனமாய்த் திரும்பிச் சென்றவர் யார்? இவ்வாரம் அவர் வாசலுக்குச் செல்வோம். ஆமென்.