கருமணல் கரையிலிருந்து பேச்சிப்பாறை வரை

மணவாளக்குறிச்சி கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பாருங்கள். பத்து அடி போவதற்குள் திரும்ப ஓடிவந்து மாட்டிக்கொள்வீர்கள். வெயில் ஏறிவிட்டால் கறுப்பு மணல் அப்படிச் சுடும்.

இந்த மணல் கடலில் விளைந்தது அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளை மழை கரைத்துக் கரைத்து, ஆறுகள் கொண்டுவந்து சேர்த்தது. இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட் எல்லாம் இதில் இருக்கின்றன. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் 1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஆக, நாம் கால் வைப்பது பல லட்சம் ஆண்டு மலைமழையின் மிச்சத்தில்!

அந்த மழையைப் பற்றித்தான் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டா அலுத்துக்கொண்டார். “மக்களே, அப்பல்லாம் இடவப்பாதின்னா மழ வந்துரும். இப்ப அது நெனச்சா வருது, நெனச்சா போவுது. வெக்கயும் தாங்க முடியல.”

அவர் சொல்வது நிஜமா, அல்லது ‘எங்க காலத்துல’ என்று எல்லாப் பெரியவர்களும் சொல்வதுதானா? மழை இறங்கும் இடத்தையே பார்த்துவிடலாம் என்று மலைப்பக்கம் கிளம்பினேன்.

திங்கள்நகர், தக்கலை, குலசேகரம் என்று போகப் போக வழி மாறுகிறது. தென்னை குறைந்து, வாழை வந்து, பிறகு இரண்டு பக்கமும் ரப்பர். தமிழ்நாட்டில் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் நன்றாக வாங்குகிற மாவட்டம் இது. அதனால்தான் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு நெல் பருவம். கன்னி மாதத்தில் ஒன்று, கும்ப மாதத்தில் ஒன்று அறுப்பு. மழை நாள் தவறினால் பயிரின் பெயரே பொருந்தாமல் போய்விடும்!

குலசேகரம் தாண்டியதும் பேச்சிப்பாறை அணை. திருவிதாங்கூர் மன்னர் காலத்தில் என்ஜினீயர் மிஞ்சின் மேற்பார்வையில் 1906ல் கட்டி முடித்தது. கொள்ளளவு உயரம் 48 அடி. தண்ணீருக்குப் பின்னால் மடிப்பு மடிப்பாக மலை, அதன் தலையில் மேகம். பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

இந்த அணைக்கு எல்லா வருஷமும் ஒன்றல்ல. 2016ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த வருஷமே ஒக்கி புயல். 2021 நவம்பரில் மாவட்டமே வெள்ளக்காடு. இதில் எது பூமி சூடாவதால் வந்தது, எது மழையின் வழக்கமான ஏற்ற இறக்கம்?

ஒரு வருஷத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. நம் மலையிலேயே இதற்காகப் பாடுபட்டவர் ஒருவர் உண்டு. திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், 1855ல் அகத்தியமலை மேல் ஆறாயிரம் அடிக்கும் அதிகமான உயரத்தில் ஒரு ஆய்வகம் அமைத்தார். காட்டுக்குள், காற்றிலும் மழையிலும் உட்கார்ந்து அளவெடுத்தார்கள். இன்றும் வானிலைத் துறையினர் ‘இயல்பு’ என்று சொல்வது நீண்ட காலச் சராசரியைத்தான்.

அப்படி நீண்ட காலக் கணக்கைப் பார்த்தால் பாட்டா சொன்னதில் விஷயம் இருக்கிறது. மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கைப்படி, 1901 முதல் 2018க்குள் இந்தியாவின் சராசரி வெப்பம் சுமார் 0.7 டிகிரி கூடியிருக்கிறது. 1951 முதல் 2015க்குள் இந்தியப் பெருங்கடலின் வெப்பமண்டலப் பகுதி சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. அதே காலத்தில் ஜூன்–செப்டம்பர் பருவமழை சுமார் 6 சதவீதம் குறைந்திருக்கிறது. அந்தக் குறைவு தெளிவாகத் தெரியும் இடங்களில் ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலை.

மழை குறைந்தால் வெள்ளம் எப்படி வருகிறது? காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். பெய்யாத நாள் கூடுகிறது. பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. கொட்டுகிற நாளில் ரப்பர் வெட்டு நின்றுவிடும். புவிசார் குறியீடு வாங்கிய நம் மலைக் கிராம்பைக் காய வைக்க வெயில் கிடைக்காது. கடலில் இன்னும் கொடுமை. 2017 நவம்பர் 29ல் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது மறுநாளே ஒக்கி புயலாகிவிட்டது. பல நாள் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போனவர்களுக்குச் சேதி போய்ச் சேரவில்லை. இந்தக் கரையோர ஊர்களில் அந்த வருஷத்தை யாரும் மறக்கவில்லை.

சாயங்காலம் திரும்பி வந்தபோது பாட்டா அதே இடத்தில் இருந்தார். இதையெல்லாம் சொன்னேன். சிரித்தார்.

“ஒரு அலையப் பாத்துட்டு கடல் ஏறுதா வத்துதான்னு சொல்ல முடியுமா மக்களே? கொஞ்ச நேரம் நின்னு பாக்கணும். நாங்க அறுவது வருசமா நிக்கோம்.”

நான் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய்த் தெரிந்துகொண்டதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நீங்களும் ஒருநாள் போய் வாருங்கள். காலையில் மண்டைக்காடு அம்மனைக் கும்பிட்டு, கருமணல் கரையைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் பேச்சிப்பாறை போய்விடலாம். அணையில் உபரிநீர் திறந்திருந்தால் திற்பரப்பு அருவியில் குளிக்க விடமாட்டார்கள், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

கிளம்பும்போது பாட்டாவின் பேரன் வள்ளத்தருகே நின்று செல்போனில் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். “காத்து எப்பிடின்னு பாக்கான்” என்றார் பாட்டா. “எங்க கணக்கு இனி அவனுக்குப் போதாது. அதயும் பாத்துட்டுப் போட்டு.”