கால்சட்டைத் துணியில் ஒரு போர்வை

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய ஒரு பாடத்துக்காக நூலகத்தில் புத்தகம் தேடியபோதுதான் அந்தப் படங்களை முதன்முதலில் கண்டேன். பெரிய பெரிய நிறச் சதுரங்கள், கோணலான பட்டைகள், ஒரு நீலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீலம். அரூப ஓவியங்கள் என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டி விட்டேன். உருவம் இல்லாத ஓவியம் என்றால் எனக்கு அப்போது ஒருவித பயம். அது வசதியுள்ள, வேறு கவலை இல்லாத ஆட்களுடைய விடயம் என்று எண்ணியிருந்தேன். பிறகுதான் படத்தின் கீழிருந்த குறிப்பு கண்ணில் பட்டது. அது ஓவியமே அல்ல. பழைய வேலை உடுப்புகளைக் கிழித்துத் தைத்த போர்வை.

தைத்தவர்கள் அலபாமா மாநிலத்தில் ‘ஜீஸ் பெண்ட்’ என்னும் சிற்றூரைச் சேர்ந்த கறுப்பினப் பெண்கள். மூன்று பக்கமும் ஆறு வளைந்து சூழ்ந்த ஊர் அது. முன்பு பருத்தித் தோட்டமாக இருந்தது. அங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்களின் சந்ததியினர்தான் இன்றும் அங்கு வாழ்கிறார்கள். பலருடைய குடும்பப் பெயர் பெட்வே. தமது பாட்டன் பாட்டியை உடைமையாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் பெயரையே அவர்கள் இன்னும் சுமக்கிறார்கள். அடிமை முறை ஒழிந்த பின்பும் குத்தகை விவசாயமும் கடனுமாகவே வாழ்க்கை போனது. 1932இல், அவர்களுக்குக் கடன் கொடுத்து வந்த வியாபாரி இறந்ததும், கடனுக்கு ஈடாகக் கலப்பை, கால்நடை, சேமித்து வைத்த தானியம் என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மீள்குடியேறப் போய், நிலையும் கதவும் கழற்றப்பட்ட வீட்டின் முன்னால் நின்ற எமக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

குளிர்காலத்தில் காற்று உள்ளே வரும் பலகை வீடுகள். சுவரின் இடுக்குகளை அடைக்கப் பத்திரிகைத் தாள்களை ஒட்டினார்கள். படுக்கைக்குப் போர்வை வேண்டும்; கடையில் வாங்கக் காசில்லை. ஆகவே முழங்கால் தேய்ந்த கால்சட்டை, மா மூட்டைத் துணி, உரப்பைத் துணி எல்லாம் போர்வையாயின. வேலை உடுப்பில் தைத்த சில போர்வைகளில், வெளிறிய துணியின் நடுவே கருநீலமாக ஒரு சதுரம் தெரியும். பொக்கற் இருந்த இடம் அது. வெயில் படாததால் நிறம் போகவில்லை.

அவர்கள் தைத்த முறைகளில் ஒன்றுக்கு ‘வீட்டுக் கூரை’ என்று பெயர். நடுவில் ஒரு துண்டை வைத்து, அதன் நான்கு பக்கமும் பட்டை பட்டையாகத் தைக்க வேண்டும். அதைச் சுற்றி மறுபடியும் பட்டை, அதற்கு வெளியே இன்னும் ஒரு சுற்று. கட்டில் அளவு வரும்வரை இதே வேலைதான். ஆனால் ஒரு சுற்றின் நடுவில் நீலத்துணி முடிந்துவிடும். கையில் இருப்பது சிவப்பு. அப்போது அந்த மூலையில் சிவப்பு வரும். கோடு கொஞ்சம் சரியும். ஒரே செயல் நூறு தரம் திரும்பியும் ஒரு சுற்றுப் போல மற்றது இல்லை. நீளப் பட்டைகளை மட்டும் பக்கத்துக்குப் பக்கம் தைக்கும் இலகுவான முறையைச் ‘சோம்பேறிப் பெண்’ என்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு நல்ல பகிடிக் குணம் இருந்திருக்க வேண்டும்.

வன்னியில் நான் வேலை செய்யும் கிராமம் ஒன்றில் மாதர் சங்கக் கட்டடத்தில் ஒரு தையல் வகுப்பு நடக்கிறது. வெட்டுத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடந்ததைப் பார்த்து, ஒருநாள் இந்தப் படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போனேன். படம் கைமாறியது. வயதில் மூத்த அக்கா ஒருவர் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உது என்ன பிள்ளை, தைக்கத் தெரியாத ஆக்கள் தைச்சதோ? ஒரு கோடும் நேரா இல்லை.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னதில் தவறில்லை. பாடசாலைச் சீருடை தைத்துப் பழகியவர்கள் அவர்கள். கோடு சரிந்தால் உடுப்பு திரும்பி வந்துவிடும். நாங்கள் கொடுத்த பயிற்சியும் அப்படித்தான்.

ஜீஸ் பெண்ட் பெண்களுக்கும் இந்த நிலைமை வந்தது. வாக்குரிமைக்காக அந்த ஊரவர்கள் முயன்றபோது, 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுச் சேவையே நிறுத்தப்பட்டது. 2006இல்தான் அது திரும்ப வந்தது. 1966இல் அந்தப் பகுதிப் பெண்கள் சேர்ந்து ஒரு தையல் கூட்டுறவை அமைத்தார்கள். 1972இல் சியர்ஸ் நிறுவனத்துக்குத் தலையணை உறை தைக்கும் வேலை கிடைத்தது. கோடு கோடாகத் தடித்த கோடுரோய்த் துணி. எல்லா உறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பகலில் அதைத் தைத்தார்கள். மிஞ்சிய துண்டுகள் வீட்டுக்குப் போய், தங்கள் விருப்பப்படி தைத்த போர்வைகளாயின. அந்தக் கோடுரோய்ப் போர்வைகளின் நிறங்களைப் பார்க்கும்போது எனக்குக் காலையும் மாலையும் இரண்டு வேறு பெண்கள் தைத்தது போலத் தோன்றும்.

2002இல் இந்தப் போர்வைகள் ஹியூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்பு நியூயோர்க்கில் விற்னி அருங்காட்சியகத்திலும் ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. ஓவிய உலகம் பெரிதாக வரவேற்றது. 2005இல் மேரி லீ பெண்டால்ஃப், லூசியானா பெண்டால்ஃப் ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் ஓர் அச்சுக்கூடத்தில் வேலை செய்தார்கள். சிறிய போர்வை தைத்து, மெழுகு போன்ற பூச்சுள்ள உலோகத் தகட்டில் வைத்து அழுத்தினால் தையலின் இழையும் தகட்டில் பதியும். அதிலிருந்து காகிதத்தில் அச்செடுக்கலாம். 2006இல் பத்துப் போர்வைகள் அமெரிக்க முத்திரைகளில் வந்தன. படுக்கையில் கிடந்த சதுரம் சுவருக்கும், காகிதத்துக்கும், கடித உறைக்கும் போனது.

“அப்ப அந்த மனுசியளுக்குக் காசு கிடைச்சதோ?” என்று ஒரு தங்கச்சி கேட்டா. அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சிலருக்கு நல்ல விலை கிடைத்தது. ஆனால் தமக்குரிய பணம் சரியாக வரவில்லை என்று சில பெண்கள் 2007இல் வழக்குப் போட்டார்கள். 2008இல் அது இணக்கமாக முடிந்தது. கைவேலையைப் புகழ்பவர்கள் எல்லோரும் கணக்குக் கொப்பியைக் காட்ட மாட்டார்கள் என்று எனது அனுபவத்திலும் கண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒரு படத்தைக் காட்டினேன். அதைக் காட்டுவதா விடுவதா என்று வழியெல்லாம் யோசித்திருந்தேன். மிசூரி பெட்வே என்ற பெண் 1942இல் தைத்தது. கணவர் இறந்த பிறகு, அவருடைய வேலை உடுப்புகளை எடுத்துக் கிழித்து, மகள் ஆர்லோன்சியாவையும் உதவிக்கு வைத்துக்கொண்டு தைத்தார். கணவரை நினைப்பதற்கும், அந்த அன்புக்குள் போர்த்துக்கொண்டு படுப்பதற்கும் என்றே தாய் அதைத் தைத்ததாக மகள் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெறும் கட்டங்களும் பட்டைகளும்தான். ஆளின் உருவம் எங்கும் இல்லை.

வகுப்பு அமைதியானது. மூலை மெஷினில் இருந்த அக்கா படத்தை வாங்கிப் பார்த்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவருடைய கணவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இரண்டு சேர்ட், மூன்று சறம், ஒரு நீளக் கால்சட்டை ட்ரங்குப் பெட்டியில் இருக்கின்றன. வருடத்துக்கு இரண்டு தரம் வெயிலில் போட்டு எடுத்து வைப்பார். சில வருடங்களுக்கு முன், உளவளத்துணைப் பயிற்சியில் படித்ததை வைத்துக்கொண்டு, “யாருக்காவது குடுத்தால் மனம் ஆறும் அக்கா” என்று சொல்லிவிட்டேன். ஆறு மாதம் அவர் என்னுடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

“இந்த மனுசிக்கு மனுசன் செத்தது தெரியும்,” என்றார் அக்கா. “அதாலை வெட்டினவ. நான் என்னெண்டு வெட்டுறது? வந்து கேட்டால்?”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு இருக்கவும் இல்லை. படத்தை எடுத்து வந்ததே பிழையோ என்று அன்று இரவு நினைத்தேன்.

அடுத்த கிழமை வேறொருவர், கணவரைத் தன் கையாலேயே அடக்கம் செய்தவர், ஒரு பையில் இரண்டு சறமும் ஒரு பழைய சேர்ட்டும் கொண்டுவந்தார். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தார். ட்ரங்குப் பெட்டி அக்காதான் எழுந்து போய்த் துணியின் மற்ற நுனியைப் பிடித்தார். கிழிக்கும் சத்தம் கேட்டது. சேர்ட்டில் மண்ணெண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. அதை உள்ளுக்கு மடித்துத் தைப்போம் என்று அவர் சொல்ல, அக்கா துண்டைத் திருப்பி வைத்தார்.

“இல்லை, கறை வெளியிலை தெரியட்டும். நடுவிலை வை. மற்றதுகளை அதைச் சுத்தித் தைப்பம்.”