ஸ்குவாட்டுக்கு இன்னொருவர் கண் வேண்டும்

பார்பெல்லைத் தோளில் ஏற்றி உட்காரும்போது எவ்வளவு ஆழம் போகிறோம் என்பது நமக்கே சரியாகத் தெரியாது. எதிரே இருக்கும் கண்ணாடி முன்பக்கத்தை மட்டுமே காட்டும்; பக்கவாட்டில் பார்க்கத் தலையைத் திருப்பினால் கழுத்தோடு முதுகும் கோணும். பவர்லிஃப்டிங் போட்டியில் இடுப்பு மடிப்பு முழங்காலின் மேற்பகுதிக்குக் கீழே இறங்கியதா என்று பார்க்க மூன்று நடுவர்கள் உட்கார்கிறார்கள், இருவர் பக்கவாட்டில். தூக்குபவரின் உணர்வை அங்கே யாரும் சாட்சியாக எடுப்பதில்லை.

ஜிம்மில் ஆளுக்கொன்று சொல்வார்களே என்றால், நியாயமான கேள்விதான். முழங்கால் கால்விரலைத் தாண்டவே கூடாது என்பதை வேதவாக்காகச் சொல்பவர்கள் நிறைய. 2003இல் ஆய்வாளர் ஆண்ட்ரூ ஃப்ரை குழுவினர், ஸ்குவாட்டில் முழங்கால் கால்விரலைத் தாண்டாதபடி பலகையால் தடுத்து அளந்தார்கள். முழங்காலில் திருப்புவிசை சுமார் 150இலிருந்து 117 நியூட்டன் மீட்டராகக் குறைந்தது. இடுப்பிலோ 28இலிருந்து 303ஆக எகிறியது. உடல் முன்னால் சாய்ந்ததுதான் காரணம். பலர் சொல்வதாலேயே ஒரு தீர்ப்பு சரியாகிவிடாது; ஆகவே கேட்கும் விதத்தை மாற்ற வேண்டும். "எப்படி இருக்கு?" என்றால் தீர்ப்பு வரும். "குதிகால் தூக்குதா, எழும்போது இடுப்பு முதல்ல மேல போகுதா?" என்றால் கண்ணால் பார்த்தது வரும். அதை நம்பலாம், திருத்தத்தைப் பயிற்சியாளரோடு யோசிக்கலாம்.

செல்போன் வீடியோ போதாதா? எடுக்கலாம், இடுப்பு உயரத்தில், பக்கவாட்டில் வைத்து. ஆனால் வீடியோ செட் முடிந்த பிறகுதான் பேசும். பக்கத்தில் நிற்பவர் அடுத்த ரெப்புக்குள் சொல்லிவிடுவார். சுமைக்கு அடியில் மூன்று அறிவுரைகளைச் சேர்த்து யோசிக்க முடியாது. ஒரு செட்டுக்கு ஒரே திருத்தம் என்று அவரிடம் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.