உறங்க வைத்த பாதி

அந்த மடிக்கணினியில் ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தை ஏற்றியதும் கணக்கு உதைத்தது. பிராசசர்கள் நான்கு என்றது. வேலையில் இருப்பவை இரண்டு என்றது. பழுது ஒன்றும் இல்லை. ஹைப்பர்திரெடிங் என்ற வசதியை இயங்குதளமே யாரையும் கேட்காமல் அணைத்து வைத்திருந்தது. தெஹியோவிட்டவில் எங்கள் கைக்கு வருவதெல்லாம் கொழும்பில் யாரோ பாவித்துக் கழித்த இயந்திரங்கள். அதிலும் பாதியைத் தூங்க வைத்தால் எப்படி? யார், எப்போது, எதற்காக இதைச் செய்தார்கள் என்று தேடத் தொடங்கினேன்.

'யார்' சுலபமாகக் கிடைத்தது. ஓப்பன்பிஎஸ்டியின் மூலநிரலில் ஒரு வரி மாறினாலும் மாற்றியவரின் பெயர், திகதி, காரணம் மூன்றும் பதிவாகும். 2018 ஜூன் 19ஆம் திகதிப் பதிவு அது; எழுதியவர் மார்க் கெட்டெனிஸ். அவர் சொன்ன காரணம் இதுதான்: ஹைப்பர்திரெடிங்கில் ஒரே கோர் தன்னை இரண்டு பிராசசராகக் காட்டிக்கொள்கிறது; ஒவ்வொன்றும் ஒரு திரெட். இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் அதற்குள் ஓடும்போது எல்1 கேஷ் எனும் அதிவேக நினைவகமும், நினைவக முகவரிகளைக் குறித்துவைக்கும் டிஎல்பி பட்டியலும் இரண்டுக்கும் பொது. அந்தப் பொதுமையை வைத்து ஒன்று மற்றதை உளவு பார்க்கலாம். அந்த வருடம் ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் வகை ஓட்டைகளுக்கும் இது வழிவிடும் என்று பலமாகச் சந்தேகிக்கிறோம். பல புதிய இயந்திரங்களின் தொடக்க அமைப்பான பயாஸில் இதை அணைக்க இடமில்லை, ஆகவே நாங்களே அணைக்கிறோம். கூடவே இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லியிருந்தார்: இரண்டுக்கு மேல் கோர் உள்ள பிராசசரில் பெரும்பாலான வேலைகளை ஹைப்பர்திரெடிங் மெதுவாக்கவே வாய்ப்பு அதிகம். கணினி விற்கிற எவரும் இதை என்னிடம் சொன்னதில்லை.

உளவு எப்படி நடக்கும் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். ஒரு பீலித் தண்ணீரைக் குழாய் பிரித்து இரண்டு வீட்டுக்கு விட்டிருந்தால், என் வாளி நிறையப் பிந்தும்போது பக்கத்து வீட்டில் பிடிக்கிறார்கள் என்று அர்த்தம். எட்டிப் பார்க்கத் தேவையில்லை; நேரத்தை மட்டும் கவனித்தால் போதும். ஆம்ஸ்டர்டாம் விரியே பல்கலைக்கழகத்தில் பென் கிராஸும் அவருடைய குழுவினரும் டிஎல்பியில் செய்தது அதுதான். டிஎல்பிளீட் என்று பெயரிட்ட அந்தத் தாக்குதலை 2018 ஆகஸ்டில் பிளாக் ஹாட் மாநாட்டில் விளக்கினார்கள். பக்கத்துத் திரெட்டில் நடக்கும் ஒரேயொரு கையொப்ப வேலையைக் கவனித்து, 17 விநாடி கணக்குப் போட்டு, 256 பிட் இரகசியச் சாவியை 98 வீத வெற்றியோடு எடுத்துக் காட்டினார்கள். இன்டெல் இதற்கெனத் தனித் திருத்தம் எதையும் தரவில்லை. இரகசியத்துக்கேற்ப நேரம் மாறாதபடி நிரல் எழுதினால் போதும் என்பது அதன் நிலைப்பாடு. நியாயமான பேச்சுத்தான். ஆனால் உலகத்து நிரல்களையெல்லாம் உட்கார்ந்து திருப்பி எழுதப்போவது யார்?

கதை 2018இல் தொடங்கியது என்றுதான் நினைத்தேன். பழைய கட்டுரைகளைப் புரட்டப் புரட்ட அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. 2005 மே மாதம், கனடாவின் ஒட்டாவாவில் நடந்த பிஎஸ்டிகேன் மாநாட்டில் கொலின் பெர்சிவல் இதே உளவை எல்1 கேஷில் செய்து காட்டியிருக்கிறார். பென்டியம் 4 இயந்திரத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற சங்கேத நூலகம் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்துத் திரெட்டில் இருந்தபடியே ஆர்எஸ்ஏ இரகசிய எண்ணின் பிட்டுகளில் பாதிக்கு மேல் பொறுக்கிவிட்டார். மீதியைக் கணிதம் பார்த்துக்கொள்ளும். அவர் சேர்ந்திருந்த ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழு உடனே ஹைப்பர்திரெடிங்கை அணைத்தது. ஓப்பன்எஸ்எஸ்எல்காரர்கள் தங்கள் நிரலைத் திருத்தினார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு சங்கேத நூலகத்தின் பிரச்சினையாகவே தெரிந்தது. தேடியதில் என்னை அதிகம் உறுத்தியது இந்த இடந்தான். குற்றவாளி வன்பொருள் என்று ஒருவர் ஆதாரத்தோடு சொல்லி 13 வருடம் கழித்து, இன்னொரு சிறிய தொண்டர் குழு அதே முடிவுக்கு முதலிலிருந்து நடந்து வரவேண்டியிருந்தது.

அதற்கும் பின்னால் போனால் பேராசை எதுவும் தெரியவில்லை, சிக்கனம்தான் தெரிகிறது. 1995இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டீன் டல்சன், சூசன் எகர்ஸ், ஹென்றி லெவி மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு சுற்றில் எட்டுக் கட்டளைகளைத் தொடங்கக்கூடிய பிராசசர் சராசரியாக ஒன்றரைகூடச் செய்வதில்லை என்று அவர்கள் கணக்குக் காட்டினார்கள். சும்மா நிற்கும் உறுப்புகளை இன்னொரு திரெட்டுக்குக் கொடுத்தால் என்ன? 2002இல் இன்டெல் ஜியோனிலும் பென்டியம் 4இலும் அதைக் கொண்டுவந்தபோது சொன்ன கணக்கு: சில்லின் அளவில் 5 வீதத்துக்கும் குறைவான கூடுதல், வேகத்தில் 30 வீதம் வரை ஆதாயம். இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எந்தப் பொறியியலாளர் வேண்டாம் என்பார்?

பகிர்ந்தால் கசியும் என்பது அப்போது தெரியாத விஷயமும் இல்லை. பட்லர் லாம்ப்சன் 1973இலேயே, ஒரு நிரல் கணினியின் சுமையைக் கூட்டிக் குறைத்தே இன்னொன்றுக்குச் சேதி சொல்லலாம் என்று எழுதிவிட்டார். பாதுகாப்பு ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள். சில்லு வரைந்தவர்களின் மேசைக்கு அது போகவில்லை போலும்.

ஓப்பன்பிஎஸ்டியின் முடிவு அதிக நாள் தனித்து நிற்கவில்லை. 2019 மே மாதம் எம்டிஎஸ் என்ற புதிய கசிவுக் கூட்டம் வெளியானது. அதனால் குரோம் ஓஎஸ் 74ஆம் பதிப்பு ஹைப்பர்திரெடிங்கை அணைத்தே வந்தது. 2021இல் லினக்ஸ் 5.14, ஒன்றையொன்று நம்பாத நிரல்களை ஒரே கோரில் அமர்த்தாமல் பிரிக்கும் வழியைச் சேர்த்தது. 2024இல் இன்டெலே தன் லூனர் லேக் மடிக்கணினிச் சில்லுகளில் ஹைப்பர்திரெடிங்கை விட்டுவிட்டது. அது சொன்ன காரணம் மின்சாரமும் இடமும் மிச்சம் என்பது. அந்தச் சில்லுகள் இரண்டாம் கையாகி எங்கள் பக்கம் வந்து சேர இன்னும் பத்து வருடமாவது செல்லும்.

அதுவரை என் ஏற்பாடு இப்படி. வங்கிக் கணக்கும் மற்றவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளும் திறக்கிற இயந்திரத்தில் பாதி தூங்கட்டும். அதில்தான் உலாவி ஊர்பேர் தெரியாத நிரல்களை நாள் முழுக்க ஓட்டுகிறது. கல்யாண வீடியோ வெட்ட வைத்திருக்கிற மற்றதற்கு இணைய இணைப்பே கொடுப்பதில்லை. அதில் எல்லாப் பிராசசர்களும் ஓடுகின்றன.